முதல் கல்யாணத்துக்கு டிஜே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பழகி, நண்பர்களின் பிறந்தநாள்களிலும் சின்னச் சின்ன விழாக்களிலும் பாட்டு போட்டவர்களைத் தேடி ஒரு கட்டத்தில் கல்யாண வாய்ப்பு வந்து நிற்கும். கேட்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். மறுக்க மனசு வராது, ஒப்புக்கொள்ளவும் பயமாக இருக்கும். அந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு பாட்டை வேகம் பொருத்திச் சேர்க்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கிளப்பில் பாட்டு போட்டுப் பழக்கம் உண்டு. கல்யாணம் அவ்வளவு வேறா?

வேறுதான். கிளப்புக்கு வருபவர் குறிப்பிட்ட வகை இசை பிடித்து வருகிறார். அங்கே இருப்பவர்களின் வயதும் ரசனையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். கல்யாணத்தில் ஐந்து வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் உங்கள் இசையைக் கேட்க வரவில்லை, மணமக்களுக்காக வந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம், உங்களுக்கு இதில் பெரிய சாதகம் உண்டு. கிளப்பில் முன்பின் தெரியாதவர்களை நீங்கள்தான் சூடேற்ற வேண்டும். இங்கே எல்லாரும் சொந்தமும் நட்பும். சந்தோஷப்பட அவர்களுக்குக் காரணம் ஏற்கெனவே இருக்கிறது, அது வெளியே வர நீங்கள் வழிவிட்டால் போதும். தன் ரசனையைக் காட்டிவிட வேண்டும் என்று டிஜே நினைக்க ஆரம்பிக்கும்போதுதான் கூட்டம் கைவிட்டுப் போகிறது.

இன்னொன்று, கல்யாணத்தில் பாட்டு போடுவது வேலையின் ஒரு பகுதிதான். மணமக்கள் எப்போது உள்ளே வருகிறார்கள், யார் பேசுகிறார்கள், எப்போது சாப்பாடு, எப்போது ஆட்டம் என்று அன்றைய நிகழ்ச்சி முழுக்க உங்கள் மைக்கையும் பாட்டையும் பிடித்துக்கொண்டுதான் நகரும்.

மணமக்களைச் சந்திக்கும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தச் சந்திப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். அன்றைக்கு வரும் குழப்பங்களில் பல, முன்பே கேட்டிருந்தால் வந்தே இருக்காது. மூன்று நான்கு வாரம் முன்பாகவே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

முதலில் நிகழ்ச்சி நிரலை நேரத்தோடு எழுதி வாங்குங்கள். அப்புறம் பெயர்கள். மணமக்கள், பெற்றோர், பேசப்போகிறவர்கள் என்று மைக்கில் நீங்கள் சொல்ல வேண்டிய ஒவ்வொரு பெயரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுத்தில் பார்த்து நாமாக உச்சரிப்பது ஆபத்து. தன் பெயர் ஊர் முன்னால் தப்பாக ஒலித்ததை யாரும் லேசில் மறப்பதில்லை.

குடும்ப நிலவரத்தையும் பக்குவமாகக் கேட்க வேண்டும். பெற்றோர் பிரிந்திருக்கலாம். நெருங்கிய ஒருவர் சமீபத்தில் இறந்திருக்கலாம். ஏதோ ஒரு பாட்டு யாரையாவது அழவைத்துவிடலாம். "அறிவிப்பில் நான் சொல்லக் கூடாதது ஏதாவது உண்டா? போடவே கூடாத பாட்டு எது?" என்ற இரண்டு கேள்வி போதும், வேண்டியதை அவர்களே சொல்லிவிடுவார்கள். காரணம் கேட்காதீர்கள்.

அன்றைக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். விழா நடக்கும்போது மணமக்களை நெருங்கவே முடியாது. முடிவெடுக்கும் உரிமையுள்ள ஓர் உறவினர் அல்லது நண்பரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "பத்து நிமிஷம் தள்ளிவைக்கலாமா?", "சத்தம் போதுமா?" எல்லாம் அவரிடம்தான். பத்துப் பேர் வந்து பத்து விதமாகச் சொன்னாலும் நீங்கள் அவரைக் கை காட்டிவிடலாம்.

தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். எழுத்தில் ஒப்பந்தம் தேவையா?

தெரிந்தவர் என்பதாலேயே தேவை. ஒரு பக்கம் போதும். தேதி, இடம், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிப்பது, எந்தெந்தக் கருவி உங்கள் பொறுப்பு, முன்பணம், மீதி எப்போது, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, தேதி மாறினாலோ ரத்தானாலோ என்ன செய்வது, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் பதிலுக்கு யார் வருவார். இதையெல்லாம் வாய்ப்பேச்சில் விட்டால் கடைசியில் நட்பும் கெடும்.

கட்டணத்தை யோசிக்கும்போது பாட்டு போடும் நான்கு மணி நேரத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். சந்திப்பு, பாட்டுத் தேடல், பயணம், கருவிகளை ஏற்றி இறக்குவது, விழா முடிந்து சுருட்டிக் கட்டுவது எல்லாம் உங்கள் நேரம்தான்.

150 பாட்டுக்கு ஒரு பட்டியல் கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் போட்டாக வேண்டுமா?

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பாட்டு மூன்றரை நிமிஷம் என்றால் 150 பாட்டு கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். ஆட்டத்துக்கு இருப்பதோ இரண்டு மூன்று மணி நேரம். இதைச் சொன்னதும் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

பட்டியலை மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கட்டாயம் வர வேண்டியவை பத்துப் பதினைந்து, வரவே கூடாதவை, மீதியெல்லாம் "எங்களுக்கு இந்த மாதிரி பிடிக்கும்" என்ற வகை. உண்மையில் இந்த மூன்றாவது வகைதான் உங்களுக்கு அதிகம் உதவும். எந்தக் காலத்துப் பாட்டு, எந்த வேகம், எந்தக் குரல் அவர்களை இழுக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துவிடும். கட்டாயப் பாட்டுகளை நிகழ்ச்சியின் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள். நேரம் சுருங்கினால் முதலில் அடிபடுவது அவைதான்.

பாட்டுகளை எப்படிச் சேர்த்து, எப்படி அடுக்கிக்கொள்வது?

இசை வகைப்படி அடுக்கும் பழக்கம் கல்யாணத்தில் அவ்வளவாகக் கைகொடுக்காது. தருணப்படி அடுக்குங்கள். விருந்தினர் வரும் நேரம், மணமக்கள் நுழைவு, சாப்பாடு, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பாட்டுகள், பெரியவர்கள் எழுந்து வரும் பாட்டுகள், குழந்தைகளுக்கானவை, உச்சக்கட்டம், மெதுவானவை, நிறைவு. இப்படிக் கோப்புறைகள் இருந்தால் பதற்றத்திலும் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

கோப்புகளைக் காசு கொடுத்து வாங்குங்கள். எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தைக் காட்டும் அளவு) இருக்கட்டும். வீடியோவிலிருந்து உருவியெடுத்த பாட்டு ஹெட்போனில் சுமாராகக் கேட்டாலும் பெரிய ஸ்பீக்கரில் தகரம்போல் ஒலிக்கும். இணையத்தில் ஓடும் ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பிப் போகவே கூடாது. ஹால் நிறைய ஆட்களும் போன்களும் இருக்கும்போது நெட் படுத்துவிடும்.

ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது சரணத்தில் ஆபாச வார்த்தை வருகிறது என்று தாத்தா பாட்டி முன்னால் தெரிந்துகொள்வது மோசம். பல பாட்டுகளுக்கு வார்த்தை நீக்கிய பதிப்பு கிடைக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகள் புதியவற்றைவிடச் சத்தம் குறைவாகப் பதிவாகியிருக்கும் என்பதையும் கவனியுங்கள். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, டிராக்டர் போன்ற டிஜே மென்பொருள்களில் அளவை ஓரளவு தானாகச் சமன்செய்யும் வசதி உண்டு. முன்கூட்டியே எல்லாப் பாட்டையும் அதில் அலசவிட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் ஏற்றுங்கள். வேறொருவரின் பிளேயரில் போடப்போகிறீர்கள் என்றால் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருப்பது நல்லது. டிஜேக்கள் பயன்படுத்தும் பழைய சிடிஜே பிளேயர்கள், எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மேட்டைப் படிக்காது.

சொந்த சவுண்ட் சிஸ்டம் இல்லை. ஹாலில் இருப்பதே போதுமா?

கூரையில் பதித்த சின்ன ஸ்பீக்கர்கள் பேச்சுக்கும் மெல்லிய பின்னணி இசைக்கும் ஆகும், ஆட்டத்துக்கு ஆகாது. முதல் கல்யாணத்துக்காக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். நல்ல சவுண்ட்காரரிடம் வாடகைக்கு எடுங்கள். முடிந்தால் அவரையும் சேர்த்தே அமர்த்துங்கள். நூறு பேர் வரையிலான ஹாலுக்கு 12 அல்லது 15 இன்ச் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது) இரண்டும், அடித்தாளத்துக்கான ஒரு சப்வூஃபரும் பெரும்பாலும் போதும்.

ஹாலை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் மேசையிலிருந்து ஆடும் இடம் தெரிகிறதா? பிளக் பாயின்ட் எங்கே? படியா, லிஃப்டா? இரவு எத்தனை மணிக்குமேல் சத்தம் கூடாது? சில ஹால்களில் சத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கரன்ட்டையே துண்டிக்கும் கருவி பொருத்தியிருப்பார்கள். அது இருந்தால் முன்பே தெரிய வேண்டும். விழாக்களில் பாட்டு ஒலிபரப்ப உரிமம் தேவையா, அதை எடுக்க வேண்டியது ஹாலா குடும்பமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஹால் நிர்வாகத்திடம் நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேபிள், கரன்ட் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குகளில் இருக்கும் மூன்று பின் கேபிள்) தான் நல்லது. அது வெளி இரைச்சலைத் தானாக நீக்கும் பேலன்ஸ்டு இணைப்பு என்பதால் முப்பது நாற்பது மீட்டர் போனாலும் இரைச்சல் ஏறாது. டிவி, டிவிடி பிளேயர்களில் வரும் சிவப்பு-வெள்ளை முனை ஆர்சிஏ கேபிளை நான்கைந்து மீட்டருக்குமேல் இழுக்காதீர்கள். புளூடூத் இணைப்பு எதற்குமே வேண்டாம். ஒலி தாமதமாக வரும், துண்டிக்கவும் செய்யும்.

லேப்டாப்பைச் செருகியதும் "ம்ம்ம்" என்று அடியில் ஒரு ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப். கருவிகள் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகும்போது வருவது. டிஜே கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பாயின்ட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் செருகும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி சரிசெய்யும். ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் அதில் இருக்க வேண்டும். இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து, செய்யவே செய்யாதீர்கள்.

லைட்டுகளும் சமையலறைக் கருவிகளும் இருக்கும் அதே சர்க்யூட்டில் சவுண்டைப் போடாதீர்கள். சுருளில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுருட்டியபடியே அதிக கரன்ட் இழுத்தால் சூடேறி உருகும். நடைபாதையில் போகும் ஒவ்வொரு வயரையும் டேப் ஒட்டித் தரையோடு படியவையுங்கள். குழந்தைகள் ஓடுவார்கள், நீளமான உடையில் வருபவர்கள் கால் இடறுவார்கள்.

ஆன் செய்யும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் வரும் "டப்" சத்தம் ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது, சத்தம் எவ்வளவு வைப்பது?

ஸ்டாண்டில் ஏற்றி, தலைக்கு மேல் உயரத்தில், ஆடும் இடத்தை நோக்கி. தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர் உடம்பே சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், பின்னால் இருப்பவருக்குத் தெளிவே இருக்காது. அங்கே கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றினால் முன்னால் இருப்பவர் காதைப் பொத்துவார். முதியவர்கள் உட்காரும் மேசைகள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரில் வராமல் பார்க்கச் சொல்லி முன்பே குடும்பத்தாரிடம் பேசுங்கள். இதில் நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பேன். கல்யாணத்துக்கு வந்த பெரியவர் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாமல் எழுந்து போவது நம் வேலையின் தோல்வி.

காதுக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் தரும் கணக்கு மனதில் இருக்கட்டும். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் வெறும் 15 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அதை உச்ச வரம்பாகப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் கல்யாணத்தில் அதற்கு நிறையக் கீழேயே நிறுத்தலாம். உங்கள் காதுக்கும் இசைக்கலைஞர்கள் போடும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியவிடாதீர்கள். அங்கே ஒலி முறிகிறது, அந்த முறிந்த ஒலிதான் காதைக் குத்துகிறது. சத்தம் போதவில்லையென்றால் ஸ்பீக்கரில் இருக்கும் வால்யூமை ஏற்றுங்கள். இன்னொன்று, காலியான ஹாலில் சோதித்த ஒலி, ஆட்கள் நிறைந்ததும் மாறும். உடைகளும் உடம்புகளும் உயர்ந்த சுரங்களை உறிஞ்சிவிடும். அதனால் கூட்டம் வந்தபின் ஹாலின் பின்பக்கம் வரை ஒருமுறை நடந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

மைக்கில் பேசவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

குறைவாகப் பேசுங்கள், அது குறையே இல்லை. நடக்கப்போவது என்ன, யார் எங்கே வர வேண்டும் என்று இரண்டு வரி. அதை முன்பே எழுதி, வீட்டில் வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். வாயிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினால் போதும். பாட்டைக் குறைத்துவிட்டு ஒரு கணம் விட்டு ஆரம்பியுங்கள், கூட்டம் தானாகத் திரும்பும். நகைச்சுவை வராதவர்கள் முயல வேண்டாம்.

உங்களைவிட மைக் பழக்கமில்லாதவர்கள் அன்றைக்குப் பேசுவார்கள். மணப்பெண்ணின் அப்பா மைக்கை மார்பளவில் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்து பேசுவார், ஒரு வார்த்தையும் கேட்காது. கொடுக்கும்போதே "வாய்க்குப் பக்கத்தில் பிடிச்சுக்குங்க" என்று மென்மையாகச் சொல்லிவிடுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடித்தாலும், ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் ஊளைச் சத்தம் வரும். அதனால் பேசுபவர் நிற்க வேண்டிய இடத்தை ஸ்பீக்கருக்குப் பின்னால் முடிவு செய்துவையுங்கள். பேச்சு நடக்கும் முழு நேரமும் உங்கள் விரல் அந்த மைக்கின் ஃபேடரில் (மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுபொத்தான்) இருக்கட்டும்.

வயர்லெஸ் மைக் என்றால் பேச்சு தொடங்குமுன் புது பேட்டரி, கைக்கெட்டும் தூரத்தில் வயர் மைக் ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மலிவான வயர்லெஸ் மைக்குகள் வைஃபை இருக்கும் அதே அலைவரிசையில் ஓடுகின்றன. காலி ஹாலில் நன்றாக ஓடி, கூட்டம் வந்ததும் விட்டுவிட்டு ஒலிப்பது இதனால்தான்.

சாப்பாட்டு நேரத்தில் என்ன போடுவது?

பேச்சுக்கு இடைஞ்சல் செய்யாத இசை. சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல், இசை அதற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். யார் எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுகிறார்கள், எந்த மேசையில் வாய் முணுமுணுக்கிறது என்று அப்போது கவனித்து வையுங்கள், பின்னால் உதவும்.

மணமக்கள் இருவரும் ஆடுகிறார்களாம். அதற்கு என்ன தயாரிப்பு?

எந்தப் பாட்டு என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டும். மேடைப் பதிப்பு, ரீமிக்ஸ், வேறொருவர் பாடியது என்று ஒரே பாட்டுக்குப் பல வடிவம் இருக்கும். அவர்கள் பயிற்சி செய்த கோப்பையே வாங்குங்கள். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று நொடிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு முழுப் பாட்டும் நீளம். ஒன்றரை இரண்டு நிமிஷத்தில் மெல்லக் குறைத்து, மற்றவர்களையும் உள்ளே அழைத்தால் அவர்கள் நிம்மதியாகச் சிரிப்பார்கள். பாட்டைத் தட்டுமுன் புகைப்படக்காரரையும் வீடியோக்காரரையும் பார்த்துத் தலையசைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தொடங்கிவிட்டால் அந்தத் தருணம் திரும்பக் கிடைக்காது.

யாருமே ஆட வரவில்லை என்றால்?

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். முதலில், அவசரப்படாதீர்கள். சாப்பிட்டு முடித்த கையோடு யாரும் குதிக்க மாட்டார்கள். காலியாக இருக்கிறதே என்று முப்பது வினாடிக்கு ஒரு பாட்டு மாற்றினால், எழ நினைத்தவரும் உட்கார்ந்துவிடுவார். ஒரு பாட்டு வேலை செய்யவில்லையென்றால் அதன் பல்லவி ஒருமுறை வரும்வரை பொறுத்து, வேறு திசைக்குப் போங்கள். இரண்டு பாட்டு தொடர்ந்து விழுந்தால் வேகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, காலத்தையோ வகையையோ மாற்றுங்கள்.

தொடக்கத்தில் புதுப் பாட்டுகளைவிட, இரண்டு தலைமுறைக்கும் வாயில் வரும் பாட்டுகள் வேலை செய்யும். பெரியவர்களுக்கான பாட்டுகளை முதல் ஒரு மணி நேரத்திலேயே வையுங்கள், அவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். அத்தையும் மாமாவும் ஆடுவதைப் பார்த்தபின் இளைஞர்களுக்குக் கூச்சம் போய்விடும். எதிர்த்திசையில் இது நடப்பதில்லை. மணமக்கள் தளத்தில் நின்றாலே மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள் என்பதால், ஆட்டம் தொடங்கும் முதல் இருபது நிமிஷம் அங்கேயே இருக்கும்படி அவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். விளக்குகளையும் குறையுங்கள். வெளிச்சம் பளீரென்று இருக்கும் ஹாலில் எவ்வளவு நல்ல பாட்டுக்கும் ஆட்கள் எழத் தயங்குவார்கள்.

கண்ணை லேப்டாப் திரையிலிருந்து எடுங்கள். 1973 வாக்கில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பாட்டு போட்டுக்கொண்டிருந்த கூல் ஹெர்க், ஆடுபவர்கள் பாட்டில் டிரம்ஸ் தனியாக வரும் சிறு பகுதிக்காகக் காத்திருப்பதைக் கவனித்தார். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்தப் பகுதியை நீட்டிக்கொண்டே போனார். ஹிப்ஹாப்பின் தொடக்கமாகச் சொல்லப்படுவது அதுதான். அவர் செய்ததன் அடிப்படை, ஆடுகிறவர்களைப் பார்த்தது. நீங்களும் கால்களைப் பாருங்கள். நாற்காலியில் இருந்தபடி கால் தட்டுகிறவர்தான் அடுத்த பாட்டில் எழுந்து வரப்போகிறவர்.

நிறைந்த தளமும் சில சமயம் காலியாகும், ஆக வேண்டும். தண்ணீர் குடிக்கப் போவார்கள். நான்கைந்து வேகப் பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் தணித்து, வேறு கூட்டத்தை உள்ளே அழைத்து, மறுபடி ஏற்றுங்கள். இரவு முழுக்க உச்சத்திலேயே வைத்திருந்தால் பத்து மணிக்கே எல்லாரும் களைத்துவிடுவார்கள்.

மிக்ஸிங் அசத்தலாக இருக்க வேண்டுமா?

சுத்தமாக இருந்தால் போதும். இங்கே ஆடுபவர்கள் கூடவே பாடுவார்கள். அவர்கள் காத்திருக்கும் பல்லவியின் மேல் அடுத்த பாட்டை ஏற்றினால் எரிச்சல்தான் வரும். பெரும்பாலான பாட்டுகளை இரண்டு, இரண்டரை நிமிஷத்தில், இரண்டாவது பல்லவி முடிந்ததும் மாற்றலாம். வேகம் 95 பிபிஎம்மிலிருந்து (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்ற அளவு) 128-க்குப் போக வேண்டுமானால் பீட் பொருத்தப் போராடாதீர்கள். முதல் பாட்டை ஒரு வரியின் முடிவில் வெட்டி, எல்லாருக்கும் தெரிந்த தொடக்க இசையோடு அடுத்ததைப் போட்டால் ஹாலே கூச்சல் போடும். 70-ம் 140-ம் ஒன்றின் இரு மடங்கு என்பதால் நேரடியாகப் பொருந்தும், இப்படிப்பட்ட ஜோடிகளை வீட்டிலேயே தேடிக் குறித்துவையுங்கள்.

அந்தப் பாட்டு போடு, இந்தப் பாட்டு போடு என்று நச்சரித்தால்?

சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டு வருகிறவர் உங்களுக்குத் தகவல் தருகிறார். ஒருவர் கேட்பது அவர் மேசையில் இருக்கும் ஐந்து பேருக்கும் பிடித்ததாக இருக்கலாம். "பார்க்கிறேன், சரியான இடத்துல போடுறேன்" என்று சொல்லுங்கள், "கண்டிப்பா அடுத்தது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மணமக்கள் வேண்டாம் என்ற பாட்டை யார் கேட்டாலும் போடக் கூடாது. "மணமக்கள் பட்டியல்ல இல்லீங்க" என்றால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். குடித்துவிட்டு வந்து மேசையில் கைவைப்பவரோடு வாதாடாமல், அந்தப் பொறுப்பான உறவினரைக் கண்ணால் கூப்பிடுங்கள். குழந்தை வந்து கேட்டால் மட்டும் முடிந்தவரை உடனே போட்டுவிடுங்கள்.

நடுவில் சவுண்ட் நின்றுபோனால்?

முதலில் பாட்டு ஏதாவது ஓட வேண்டும், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். இதற்காகவே ஒரு மணி நேரப் பாட்டை போனில் இறக்கி, போனிலிருந்து மிக்ஸருக்கான கேபிளை முன்பே செருகி வைத்திருங்கள். போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும், இல்லாவிட்டால் யாரோ அழைக்கும் ரிங்டோன் ஹால் முழுக்கக் கேட்கும். லேப்டாப்பிலும் ஸ்லீப், தானாக வரும் அப்டேட், அறிவிப்பு ஒலிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பாட்டு ஓடத் தொடங்கியபின், ஒலி வரும் பாதையை வரிசையாகத் தேடுங்கள். பாட்டு ஓடுகிறதா, மிக்ஸரில் விளக்கு ஆடுகிறதா, கேபிள் கழன்றதா, ஸ்பீக்கருக்குக் கரன்ட் இருக்கிறதா. பெரும்பாலும் யாரோ மிதித்த வயராக இருக்கும். ஒவ்வொரு வகைக் கேபிளிலும் உபரி ஒன்று பையில் வேண்டும். கரன்ட்டே போய்விட்டால் மைக்கும் இருக்காது. உறவினரிடம் சொல்லி, கூட்டத்தைக் கைதட்டிப் பாட வைக்கச் சொல்லுங்கள், சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் அது நடக்கும்.

லைட், புகை மிஷின் எல்லாம் தேவையா?

மிதமான வண்ண விளக்கு நல்லது. வேகமாக மின்னி மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கை நான் கல்யாணத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை வெட்டும் ஒளி, ஒளியுணர் வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். வந்திருப்பவர்களில் யாருக்கு அது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. புகை மிஷின் ஹாலின் தீ எச்சரிக்கை மணியை அடிக்கவைக்கலாம், அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

உடை, சாப்பாடு, குடி?

விருந்தினர் அளவுக்கு நேர்த்தியான உடை. சாப்பாட்டை முன்பே பேசிவிடுங்கள், மற்றவர்கள் சாப்பிடும்போது நீளமான பாட்டுத் தொகுப்பை ஓடவிட்டுச் சாப்பிடலாம். குடி வேண்டாம், வீட்டார் வற்புறுத்தினாலும்.

எப்படி முடிப்பது? இன்னும் ஒரு மணி நேரம் என்று கேட்டால்?

கடைசிப் பாட்டை மணமக்களே தேர்ந்தெடுக்கட்டும். முடியும் நேரத்துக்கு அரை மணி முன்பே உறவினரிடம் போய் "நீட்டிக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். ஹால் அனுமதிக்குமா, கூடுதல் கட்டணத்துக்குச் சம்மதமா என்று அவர் அமைதியாகக் கேட்டுவர அந்த நேரம் வேண்டும். ஹால் அனுமதிக்கவில்லையென்றால் எவ்வளவு கெஞ்சினாலும் நீட்டாதீர்கள். அபராதமோ சண்டையோ குடும்பத்தின் தலையில்தான் விழும். கடைசி மூன்று பாட்டு இருக்கும்போதே "இன்னும் மூணே பாட்டு" என்று மைக்கில் சொல்லிவிட்டால் ஒதுங்கி நின்றவர்களும் தளத்துக்கு வருவார்கள்.

பாட்டு முடிந்ததும் சட்டென்று மௌனமாக்காமல், விருந்தினர் வெளியேறும்வரை தாழ்ந்த ஒலியில் ஏதாவது ஓடட்டும். கருவிகளைக் கழற்றுவதை ஹால் கொஞ்சம் காலியானபின் தொடங்குங்கள். கொண்டுவந்த பொருள்களின் பட்டியலை வைத்துச் சரிபார்த்து ஏற்றுங்கள். மைக் கிளிப், அடாப்டர், பென்டிரைவ் மூன்றும்தான் அதிகம் தொலையும்.